நாற்பத்திரண்டரை கிலோ

ஜனவரி 5, திங்கள்

ஜிம்மில் பானு எழுதி வைக்கச் சொன்னது மூன்று விஷயம்: எவ்வளவு எடை, எத்தனை முறை, எந்தக் கை பின்தங்கியது. அதற்காகத்தான் இந்த டைரி. நூற்பாலை ஒன்று புத்தாண்டுக்குக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் அவர்கள் விளம்பரம் இருப்பதால் வேறு எதற்கும் ஆகாது.

எடை 30. எட்டு முறை. இடது.

ஜனவரி 6, செவ்வாய்

30. எட்டு. இடது.

மாவட்டப் பளு தூக்கும் போட்டிக்கு பானு என் பெயரைக் கொடுக்கப் போகிறாளாம். மார்ச் 29, ஞாயிறு. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டாம்.

போன ஜூனில் எலும்பு மருத்துவர் என் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, மாத்திரை பிறகு பார்க்கலாம், முதலில் பளு தூக்குங்கள் என்றார். வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன். பீளமேட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு ஜிம். காலை ஆறு முதல் ஏழரை வரை பெண்களுக்கு. பயிற்சியாளர் ஷகிலா பானு, முப்பத்து நான்கு வயது, திருமணத்துக்கு முன்பு மாநில அளவில் தூக்கியவள். ஏழு மாதமாகப் போய் வருகிறேன். யோகா வகுப்பு என்று அலுவலகத்தில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

"எனக்கெதுக்கு பானு போட்டியெல்லாம்? நாப்பத்தொம்போது ஆகப்போகுது."

"அதனாலதானுங்க்கா. உங்க பிரிவுல மொத்தமே மூணு பேரு. வந்து நின்னாலே மெடலு."

"அப்படி ஒரு மெடல் எனக்கு வேண்டாம்."

"பாத்தீங்களா, கோவம் வருதில்ல? அப்ப எழுதிக்கறனுங்க்கா."

விதி எளியது. பெஞ்சில் மல்லாந்து படுத்து, கம்பியை மார்புவரை இறக்கி, நடுவர் "பிரஸ்" என்றதும் மேலே தள்ளி, "ரேக்" என்றதும் தாங்கியில் திரும்ப வைக்க வேண்டும். இரண்டு கையும் சேர்ந்தாற்போல் நீள வேண்டும். கம்பி சாய்ந்தால் சிவப்பு விளக்கு. மூன்று வாய்ப்பு, மூன்று நடுவர். இரண்டு வெள்ளை விளக்காவது எரிய வேண்டும்.

என் கம்பி சாய்கிறது.

ஜனவரி 9, வெள்ளி

32.5. ஆறு. இடது.

பானு கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினாள். வலது கை முழுதாக நீண்டு முடித்தபோது இடது கை நான்கு விரல் கீழே நடுங்கிக்கொண்டிருக்கிறது. தராசுத் தட்டு சாய்ந்த மாதிரி. இருபத்து நான்கு வருடமாக ஆலைகள் அனுப்பும் நூலை எந்திரத்தில் ஓட்டி, எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே தடித்திருக்கிறது என்று சொல்வது என் வேலை. என் கையைப் பற்றி யாரும் அறிக்கை கேட்டதில்லை.

"எல்லாருக்குமே ஒரு கை கொஞ்சம் எச்சா இருக்குமுங்க்கா. உங்களுக்கு இத்தன எப்படி? ஒத்தக் கையில கெணத்துத் தண்ணி சேந்துனீங்களா?"

என்னென்னவோ தூக்கியிருக்கிறேன் என்றேன்.

ஜனவரி 12, திங்கள்

இன்றுமுதல் புது முறை. இரண்டு கைக்கும் தனித்தனி டம்பெல். முதலில் இடது கை. அது எத்தனை முறை தூக்குகிறதோ அத்தனை முறைதான் வலதும் தூக்கலாம். இடது ஏழோடு நின்றது. வலது பதினைந்துகூடப் போயிருக்கும், ஏழோடு நிறுத்தினாள்.

"நல்லா இருக்கற கையப் பட்டினி போடறதா?"

"பட்டினி இல்லீங்க்கா. சித்த நேரம் காத்திருன்னு சொல்றோம்."

எனக்கு நம்பிக்கை இல்லை. பலவீனமான கைக்கு அதிக வேலை கொடுப்பதுதானே நியாயம்?

ஜனவரி 14, புதன்

போகி. பழைய பாய், கிழிந்த முறம், காலண்டர்கள் எல்லாம் போயின. என் வீட்டுக்காரர் பின்னறை வாசலில் நின்று கேட்டார்.

"அம்சா, அந்தக் கட்டிலயும் எடுத்துரலாமா?"

"இரும்புக் கட்டில். போகியில எரியாது."

அவர் சிரிக்கவில்லை. நானும்.

ஜனவரி 20, செவ்வாய்

பானுவிடம் சொல்லாமல் ஒரு சோதனை. வீட்டு வேலை எல்லாம் இடது கையில். பல் துலக்குவது, தோசை திருப்புவது, தண்ணீர்க் குடம், அரிசிப் பை. தோசை மூன்று மடிப்பாக வந்தது. அவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுல லெட்டர் ஏதாவது வெச்சிருக்கறயா?" என்றார்.

ஜனவரி 25, ஞாயிறு

நாத்தனார் சுலோச்சனா மகளுக்கு நிச்சயம். வெற்றிலை பாக்கு கொடுக்கும் வேலை எனக்கு. மாப்பிள்ளையின் அம்மா முதல் ஆளாக வந்து முந்தானையை ஏந்தினார். நான் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து, மிக மரியாதையாக, புன்னகையோடு, இடது கையால் நீட்டினேன்.

ஐந்து நாள் பழக்கம். கை தானாகப் போயிற்று.

அந்த அம்மாள் முந்தானையை இழுத்துக்கொண்டார். சுலோச்சனா, "அண்ணி, கை! கை!" என்று கூவியதில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு வலது தோளில் சுளுக்கு என்று சொல்லி அவர்தான் சமாளித்தார். வரும் வழியெல்லாம் காரில் சிரித்துக்கொண்டே வந்தார். சிக்னலில் வண்டியை நிறுத்தியபோது அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"சம்பந்தியம்மா மூஞ்சியப் பாத்தயா? அம்மா இருந்திருந்தா ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கும்."

ஆமாம். சிரித்திருப்பார்.

பிப்ரவரி 2, திங்கள்

இடது முழங்கையில் வலி. மறைக்கப் பார்த்தேன். பானு கையைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"வீட்டுல எச்சாப் பண்ணுனீங்களா?"

"கொஞ்சம்."

"நூலு மெலிஞ்சிருந்தா நீங்க என்னக்கா பண்ணுவீங்க? அந்த எடத்தப் புடிச்சு இழுத்துட்டே இருப்பீங்களா?"

"ஆமா. அறுந்து போற வரைக்கும். அதான் எங்க டெஸ்ட்."

ஒரு வாரம் ஓய்வு என்று டைரியில் அவளே பெரிதாக எழுதிக் கையெழுத்தும் போட்டாள். கீழே இருக்கிறது.

பிப்ரவரி 11, புதன்

மறுபடியும் தொடங்கினேன். வலி இல்லை. 30. எட்டு. இடது, ஆனால் மூன்று விரல்தான்.

பட்டினி போடும் முறை வேலை செய்கிறது போலிருக்கிறது. போலிருக்கிறது என்பதற்கு மேல் இப்போதைக்குச் சொல்ல மாட்டேன்.

போட்டிக்கான தாளை நிரப்பினோம். முதல் வாய்ப்பில் எவ்வளவு எடை என்று எழுத வேண்டும். பிறகு கூட்டலாம், குறைக்க முடியாது. பானு 35 என்று சொன்னாள். நான் 42.5 எழுதினேன்.

"அக்கா! இதுவரைக்கும் நீங்க நாப்பதே தூக்குனதில்ல. மூணு வாட்டியும் போச்சுன்னா பேருக்கு நேரா முட்டைதானுங்க்கா."

"தெரியும்."

"எதுக்குங்க்கா அந்த நம்பரு?"

"சும்மா."

"ஒவ்வொரு வார்த்தையும் எட போட்டுப் பேசுற ஆளு நீங்க. நீங்க சும்மா ஒரு நம்பர் எழுதுவீங்களா?" என்றாள். பிறகு அவளுடைய கைப்பேசி அடித்தது. அவள் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடியாம். ஓடினாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

பானுவின் மாமியாருக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. மூன்று மாதம் படுக்கை. பானு இரண்டு நாள் விடுப்பு. நான் தனியாகப் பயிற்சி செய்தேன்.

பிப்ரவரி 18, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

ஜிம்மில் பத்துக் கிலோ தட்டுகளில் ஒரு ஜோடிக்குத்தான் துரு இல்லை. அதனால் எனக்கு எப்போதும் அந்த ஜோடி. ஒன்றில் சிவப்புப் பெயின்ட் பட்டிருக்கும். சுவரோரம் சாய்த்து வைத்திருப்பதால் அது எப்போதும் இடப்பக்கமே ஏறும். இன்று கழற்றும்போது இரண்டையும் கைக்கொன்றாக எடுத்தேன். வழக்கத்துக்கு மாறாக, சிவப்பு வலது கையில். வலது கைக்கே அது கனத்தது.

பானுவிடம் கேட்டுக்கொண்டு இரண்டையும் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பஞ்சு மாதிரிகள் எடைபோடும் தராசில் வைத்தேன். சிவப்பு: 10 கிலோ 880 கிராம். மற்றது: 9 கிலோ 470.

ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வித்தியாசம்! எட்டு மாதமாக என் இடது கை கூடுதல் சுமையைத் தூக்கிக்கொண்டு திட்டும் வாங்கியிருக்கிறது. நான் எழுந்து ஆய்வகத்துக்குள் ஒரு சுற்று நடந்தேன். உதவியாளர் பெண், "மேடம், நல்ல செய்தியா?" என்றாள். ஆமாம், ஒரு நிரபராதி விடுதலை என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து அவரிடம் காட்டினேன். அவர் பவுண்டரியில் மேற்பார்வையாளர், இரும்பைப் பற்றிய செய்தி என்றால் ஆர்வமாகக் கேட்பார். "எந்த முட்டாப்பய வார்த்தது இது?" என்று சிரித்தபடி தட்டைத் திருப்பினார். பின்பக்கம் புடைத்திருந்த எண்ணை விரலால் தடவினார். சிரிப்பு நின்றது.

"என்னங்க?"

"நம்ம பவுண்டரி வார்ப்பு. ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. அப்ப அந்த ஷிப்டு நான்தான்."

எனக்கு அடக்க முடியவில்லை. கட்டிய மனைவியின் இடது கைக்கு எதிராகப் பதினான்கு வருடம் முன்பே திட்டம் போட்டுச் சதி செய்திருக்கிறீர்கள் என்றேன். "மணல் அச்சுல வார்த்தா முன்னப்பின்ன வரத்தான் செய்யும்" என்றார். "இது என்ன தங்கமா?" என்றார். பிறகு, "ஒன்றரைக் கிலோவா?" என்று மெதுவாக அவருக்கு அவரே கேட்டுக்கொண்டார். மூன்றாவது தோசையை வேண்டாம் என்றுவிட்டார்.

பிப்ரவரி 19, வியாழன்

தட்டுகளைக் காணோம். அவரையும் காணோம், ஏழு மணிக்கே பவுண்டரிக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

தட்டுகள் வந்தன. சிவப்பில் கடைந்து எடுத்திருக்கிறார். மற்றதில் துளையிட்டு ஈயம் ஊற்றி, மேலே தேய்த்து, எங்கே என்று தெரியாதபடி மூடியிருக்கிறார். கறுப்புப் பெயின்ட் புதிது. நேராக என் அலுவலகத்துக்கே கொண்டுவந்து, "உன் தராசுல வை" என்றார்.

10.00. 10.00.

பெருமைப்பட்டுக்கொண்டார் என்று எழுதினால் குறைத்துச் சொன்னதாகும். உதவியாளர் பெண்ணைக் கூப்பிட்டு அவளையும் எண்ணைப் படிக்க வைத்தார். என் யோகா வகுப்பு ரகசியம் இப்படித்தான் வெளியே போயிற்று.

பிப்ரவரி 25, புதன்

சரியான தட்டுகளோடு முதல் நாள். இனிக் கம்பி நேராகப் போகும் என்று படுத்தேன்.

35. ஐந்து. இடது. ஒன்றரை விரல்.

ஆக, பாதிதான் இரும்பின் குற்றம்.

மார்ச் 4, புதன்

37.5. மூன்று. இடது, ஒன்றரை.

பானு தூக்கக் கலக்கத்தோடு வந்திருந்தாள். மாமியாரைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, மாற்றுவது. "நூறு கிலோ தூக்குனவ நானு. எங்க மாமியத் தூக்குனா இடுப்பு புடிக்குதுங்க்கா. அது எப்படி?"

எப்படித் தூக்க வேண்டும் என்று செய்து காட்டினேன். முழங்காலைப் படுக்கை விளிம்பில் கொடுத்து, ஒரு கை முதுகுக்கு அடியில், இன்னொன்று தொடைக்கு அடியில், அவர்கள் கை உன் கழுத்தைச் சுற்றி.

பானு பார்த்துக்கொண்டே இருந்தாள். "முதுகுக்கு எப்பவும் வலது கைதானுங்களா?"

"கட்டில் செவுத்த ஒட்டிக் கெடந்தது. ஒரு பக்கந்தான் நிக்க முடியும்."

"எத்தன வருசம்?"

"ஆறு."

டம்பெல்லை எடுத்து என் இடது கையில் வைத்தாள்.

ஒரு நாளைக்கு ஆறு முறை என்று வைத்தாலும் பதின்மூவாயிரத்துக்கு மேல் வருகிறது. கணக்குக்காகப் போட்டுப் பார்த்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

பின்னறையில் ஒட்டடை அடித்தேன். கட்டிலை நகர்த்தாமல் அடித்தேன்.

மார்ச் 14, சனி

40. ஒன்று. கம்பி ஏறியது! இடது ஒரு விரல்.

பானு கூவியதில் தெருவில் போன பால்காரர் எட்டிப் பார்த்தார்.

மார்ச் 17, செவ்வாய்

மழை, கரண்ட் இல்லை, ஜிம் இல்லை. எழுத வேறொன்றும் இல்லாததால் இது.

அத்தையை, அதாவது என் மாமியாரை, தூக்கும்போது நாங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே இருப்போம். ரசத்தில் உப்பு, சீரியலில் யார் செய்தது தப்பு, அவர் மகன் போட்ட சட்டை. இரண்டு வருடம் முன்பு ஆகஸ்டில் ஒருநாள் என் இடது கை நழுவியது. அத்தை அப்படியே சறுக்கிக் கட்டிலடியில் உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்தபடி, "ஏ அம்மணி, பஞ்சு மூட்டயக்கூட யாரும் இப்படிப் போட மாட்டாங்க" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே ஒரு நர்ஸ் பெண்ணை அமர்த்தினேன். நல்ல பெண், பயிற்சி பெற்றவள், அத்தையை அவள்தான் தூக்குவாள். நான் தள்ளி நின்று பார்ப்பேன்.

கார்த்திகை மாதம் ஒருநாள் அத்தை, "நீ தூக்கேன், அம்மணி" என்றார்.

கை வலிக்கிறது அத்தை என்றேன்.

கை வலிக்கவில்லை.

அதற்குப் பதினோரு நாள் கழித்துப் போய்விட்டார். நெஞ்சுச் சளி. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று மருத்துவர் சொன்னார், எனக்கும் தெரியும்.

கரண்ட் வந்துவிட்டது.

மார்ச் 21, சனி

42.5. ஒன்று. ஏறியது. ஆனால் சாய்வு ஒன்றரை விரல். நடுவர் இருந்திருந்தால் சிவப்பு.

மார்ச் 26, வியாழன்

ஓய்வு. பானு கட்டளை. வீட்டில் தோசைக் கரண்டியைக்கூட இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லியிருக்கிறாள், கேலியாக.

மார்ச் 29, ஞாயிறு

கல்லூரி ஒன்றின் உள்ளரங்கம். அவர் வெள்ளைச் சட்டையில், கையில் தயிர்சாதத்தோடு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் பிரிவில் மூன்று பேர். பொள்ளாச்சியிலிருந்து உடற்கல்வி ஆசிரியை ஒருவர், மேட்டுப்பாளையத்திலிருந்து தையற்கடை வைத்திருக்கும் ஒருவர், நான். தையற்கடைக்காரர் என் கையைப் பிடித்து, "பயமா இருக்குதுங்களா? எனக்கு நேத்துலிருந்து சோறு எறங்கல" என்றார். அவர் அறுபது தூக்கினார்.

பெயர் கூப்பிட்டார்கள். அம்சவேணி குழந்தைவேலு, நாற்பத்திரண்டரை.

முதல் வாய்ப்பு. இறக்கினேன், தள்ளினேன், ஏறியது. வலது முந்திவிட்டது. சிவப்பு, சிவப்பு, வெள்ளை.

"பரவால்லீங்க்கா. எடதுல கவனம் வைங்க" என்றாள் பானு.

வைத்தேன். இரண்டாம் வாய்ப்பில் என் உயிரெல்லாம் இடது கையில்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து முதன்முறையாக இடது கை வலது கையை முந்திக்கொண்டு போயிற்று. மூன்றும் சிவப்பு. நடுவர் ஒருவரே சிரித்துவிட்டார்.

கீழே வந்து உட்கார்ந்தேன். பானு தண்ணீர் கொடுத்தாள். இன்னும் ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் முட்டை. தயிர்சாதத்தை நாற்காலியில் வைத்துவிட்டு அவர் தடுப்புக் கயிற்றருகே வந்தார். அறிவிப்புப் பலகையில் என் பெயருக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்சா, நாப்பத்திரண்டரை."

"ம்."

"அம்மாவக் கடைசியா ஆஸ்பத்திரியில எட போட்டப்ப..."

"சீட்டு பீரோல இருக்குது. சரிபாத்துக்குங்க."

அவர் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு, வேறு யாருக்கும் கேட்காதபடி சொன்னார்:

"அம்மாவ நீ கையப் பாத்தா தூக்குன? மூஞ்சியப் பாத்து வம்பு பேசிட்டே தூக்குவ."

என் பெயரை மறுபடி கூப்பிட்டார்கள்.

படுத்தேன். கம்பியை எடுத்தேன். இடது எங்கே, வலது எங்கே என்று பார்க்கவில்லை. கூரைக்குக் கீழே பாதி எரியும் ஒரு டியூப்லைட் இருந்தது. மார்புக்கு இறக்கினேன். ரசத்துல உப்புப் பத்தல அம்மணி என்றார். நேத்து எச்சுன்னீங்களே அத்தை. நேத்து எச்சு, இன்னைக்குப் பத்தல, ரெண்டையும் கலந்து வெச்சிருக்கலாமல்ல? எங்கோ "பிரஸ்" என்றார்கள். தள்ளினேன். அப்ப நாளைக்கு நீங்களே வைங்க, அடுப்பைக் கட்டிலுக்குக் கொண்டுவந்து தர்றேன். கொண்டா பாக்கலாம் என்றார்.

"ரேக்! ரேக்!"

நடுவர் கத்திக்கொண்டிருந்தார். கை இரண்டும் முழுதாக நீண்டு, கம்பி எப்போதோ மேலே போய் நின்றிருக்கிறது. நான் இறக்கி வைக்கவில்லை. பானு ஓடிவந்து, "போதுமுங்க்கா, வைங்க்கா" என்றாள். வைத்தேன்.

வெள்ளை. வெள்ளை. வெள்ளை.

பானு என்னைத் தூக்கிச் சுற்றினாள். அறுபத்திரண்டு கிலோ நான். அவளுக்கு இடுப்பு பிடிக்கவில்லை. தையற்கடைக்காரர் தனக்கே மெடல் கிடைத்தது போலக் கைதட்டினார். என் வீட்டுக்காரர் கயிற்றைத் தாண்டி வர முயன்று, காவலர் தடுக்க, "எம் பொண்டாட்டிங்க! அந்தத் தட்டு என்ன, இதவிட நல்ல தட்டு நானே பண்ணிக் குடுத்துருக்கேனுங்க!" என்று சம்பந்தமில்லாமல் வாதாடிக்கொண்டிருந்தார்.

மூன்று பேரில் மூன்றாவது. வெண்கலம். கழுத்தில் போட்டுக்கொண்டே தயிர்சாதம் சாப்பிட்டேன். வலது கையால்.

மார்ச் 30, திங்கள்

ஓய்வு நாள். எடை இல்லை என்று எழுதப் போனேன். அது உண்மை இல்லை.

மாலையில் பின்னறைக் கட்டிலைத் தூக்கினோம். அவர், "எந்தப் பக்கம் புடிக்கற?" என்றார். எந்தப் பக்கமானாலும் சரி என்றேன். வாசலில் சற்று சாய்ந்தது, அது அவர் பக்கம். சொல்லிக் காட்டினேன். சரக்கு ஆட்டோவில் ஏற்றி பானு வீட்டுக்குக் கொண்டுபோனோம். பானுவின் மாமியார் படுத்த இடத்திலிருந்தே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தம்மாவா மெடலு? ஆளு ஒல்லியால்ல இருக்குது" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பானுவும் அவள் கணவரும் கட்டிலைச் சுவரை ஒட்டித் தள்ளினார்கள்.

நான் இடது கையால் சட்டத்தைப் பிடித்து, ஒரு முழம் அறைக்குள் இழுத்துப் போட்டேன்.

"ஏனுங்க்கா?"

"ரெண்டு பக்கமும் நிக்க எடம் இருக்கட்டும்" என்றேன்.